கராத்தே டிரஸ்ஸுக்கு மஞ்சள் வைத்தவன்

அக்டோபர் 22, புதன்

இந்த டைரி ஜனவரியில் கம்பெனியில் கொடுத்தது. 'இன்று முதல் தினமும் எழுதுவேன்' என்று ஒன்றாம் தேதிப் பக்கத்தில் முத்து முத்தாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இரண்டாம் தேதியிலிருந்து நேற்றுவரை வெள்ளைக் காகிதம். இன்று எழுத உட்காரக் காரணம் இலக்கிய ஆர்வம் அல்ல. வீட்டில் பேசித் தோற்றுவிட்டேன். எழுத்திலாவது ஜெயிக்க வேண்டும்.

தீபாவளி லீவு. திருப்பூரே காலி. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். போக வேறு ஊர் இல்லாத என்னைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து மனைவி வேலை செய்வதை மேற்பார்வை பார்க்கிறோம். இன்று காலை சாந்தாமணி துணிகளை மெஷினில் போடும்போது நான் பக்கத்தில் நின்று சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"சாந்தா, துணியைத் திருப்பிப் போட்டுத் தொவைக்கோணும். உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி."

"எதுக்குங்க?"

"சாயம் வெளுக்காது. பிரிண்ட் உரியாது. பிசிறு எழும்பாது."

"வேர்வை எந்தப் பக்கம் இருக்குதுங்க?"

"உள்பக்கம்."

"ரோட்டுத் தூசி?"

"வெளிப்பக்கம்."

"அப்ப ரெண்டுல எந்த அழுக்கு போகோணும், எந்த அழுக்கு இருக்கோணும்? சொல்லீட்டீங்கன்னா அதும்படி போட்டுர்றேன்."

இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? தினமும் ஆயிரம் பனியனைத் திருப்பி, தையலைப் பார்த்து, விலாப்பக்கம் தைத்திருக்கும் லேபிளைச் சரிபார்த்து அனுப்புகிறவன் நான். 'உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் துவைக்கவும்' என்று அந்த லேபிளில் ஆறு மொழியில் இருக்கும். ஆறில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். வெளிநாட்டுக்காரன் நான் சொல்கிறபடி துவைக்கிறான். சாந்தாமணி துவைக்க மாட்டேன் என்கிறாள்.

"லேபிள்ல போட்டிருக்குது சாந்தா."

"லேபிளு யாரு வெக்கறது?"

"நாங்கதான்."

"நீங்க இதுவரைக்கும் எத்தன துணி தொவைச்சிருக்கீங்க?"

இந்த இடத்தில் நான் பேச்சை மாற்றியிருக்க வேண்டும். மாறாக, "துணி தொவைக்கறது என்ன பெரிய வித்தையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சோப்புப் பொடி டப்பாவை என் கையில் வைத்தாள்.

"ஒம்பதாந்தேதி எனக்குப் பெல்ட் டெஸ்ட். அதுவரைக்கும் காலைலயும் சாயங்காலமும் கிளாஸ். துணி உங்க இலாகா. எப்படி வேணாலும் திருப்பிக்குங்க."

பெல்ட் டெஸ்ட் என்றால் என்ன என்று எழுத வேண்டும். என் மனைவி சாந்தாமணி, வயது நாற்பத்தாறு, கராத்தே படிக்கிறாள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கப் போனாள். அங்கே குழந்தைகள் கராத்தே பழகுவதைப் பத்து நாள் நின்று பார்த்திருக்கிறாள். பதினோராம் நாள் மாஸ்டரிடம் போய், "என்னையச் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். இது மார்ச்சில். இப்போது வெள்ளை பெல்ட்டிலிருந்து மஞ்சள் பெல்ட்டுக்குப் பரீட்சை. கூடப் படிப்பவர்களில் மூத்தவனுக்குப் பதினான்கு வயது.

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் பையனிடம் இதைச் சொன்னபோது, "சூப்பர்ப்பா!" என்றான். அவனுக்கென்ன, தூரத்தில் இருக்கிறான்.

அக்டோபர் 23, வியாழன்

முதல் நாள் சலவை. எல்லாத் துணியையும் திருப்பினேன். கம்பெனியில் ஒரு பனியனைத் திருப்ப மூன்று விநாடி. வீட்டில் ஒரு சுடிதார் பேன்ட்டைத் திருப்ப நாடாவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. துவைத்து, காயப்போட்டு, காய்ந்ததும் மறுபடி நேராகத் திருப்பும்போதுதான் ஒரு துணியை இரண்டு தடவை திருப்ப வேண்டும் என்ற உண்மை விளங்கியது. இதை லேபிளில் போடவில்லை.

மாடிக் கொடியில் எல்லாம் தையல் தெரியத் தொங்கின. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நெடுநேரம் பார்த்தது.

"ஏந்தம்பி, துணியெல்லாம் உங்ககூடக் கோவிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சா?"

"இதுதான் முறைங்க அக்கா. லேபிள்ல போட்டிருக்குது."

"அதுக்குச் சொல்லல. உங்க ஜட்டியில சைஸ் எழுதியிருக்கறது எங்கூட்டு வரைக்கும் தெரியுது."

சாந்தாமணியின் டிராக் பேன்ட்டைத் திருப்பியபோது இரண்டு முட்டியிலும் உள்பக்கம் பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வெளியே கறுப்புத் துணி, ஒன்றும் தெரியாது. குழாய்த் துருவாக இருக்கும். எங்கள் தெருத் தண்ணீரில் துரு அதிகம். தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கினேன். துருவுக்குச் சூடு தண்ணீர் ஆகாது என்று யாரோ சொன்ன ஞாபகம்.

அவள் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். கேட்டேன். "சும்மா" என்றாள்.

அக்டோபர் 24, வெள்ளி

பேக்கரியில் கூட்டம். லீவு நாளில் வீட்டில் மதிப்பில்லாத ஆண்கள் கூடும் இடம் அதுதான். எங்கள் அயர்னிங் மாஸ்டர் லோகநாதன் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "மாப்ள, வீட்ல புரூஸ்லியம்மா எப்படி இருக்காங்க?" என்றான்.

கையில் தேங்காய் பன், எதிரே பத்துப் பேர். நான் சும்மா இருப்பேனா?

"காபி வேணும்னா இப்பெல்லாம் ஹெல்மெட் போட்டுட்டுத்தான் கேக்கறேன்."

சிரிப்பு.

"கிளாஸ்ல எல்லாம் மூணாவது, நாலாவது படிக்கற பசங்க. நடுவால இவ நிக்கறதப் பாத்தா, யாரோ பையன் டிபன் பாக்ஸ மறந்துட்டுப் போயிட்டான், குடுக்கறதுக்கு வந்திருக்கறாங்கன்னு நெனைக்கத் தோணும்."

பெரிய சிரிப்பு. டீ போடுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"கால ஒசத்தி ஒதைக்கோணுமாமா. போன வாரம் ஒசத்துன கால எறக்கறதுக்கு நானும் கண்ணாத்தாக்காவும் போகோணுமாயிருச்சு."

இது நடக்கவே இல்லை. ஆனால் மேடை அமைந்துவிட்டால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. லோகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீக்குக் காசும் அவனே கொடுத்தான். நகைச்சுவை என்பது எனக்குத் தானாக வருகிறது, நான் தேடிப் போவதில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அரை மணி நேரம் துணி கசக்கிய கை இது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இந்தத் தீபாவளிக்கு சாந்தாமணி சேலை கேட்கவில்லை. டெஸ்ட்டுக்கு வெள்ளை கராத்தே டிரஸ் வேண்டும், அதுவே போதும் என்றாள். நெஞ்சில் அவர்கள் பள்ளியின் முத்திரை பிரிண்ட் போட்ட, முறமுறவென்ற வெள்ளை. தீபாவளி காலையில் புதுத்துணிகளைச் சாமி முன்னால் வைத்து மஞ்சள் வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. என் சட்டைக்குக் காலரில் ஒரு பொட்டு, தீபாவளிக்கு வந்துபோன பையன் சட்டைக்கு ஒரு பொட்டு. வெள்ளை டிரஸ்ஸுக்கு மட்டும் வெளியே தெரியக் கூடாதென்று உள்பக்கமாகத் திருப்பி, மேல்சட்டையின் நாலு மூலைக்கும், கழுத்துப் பட்டிக்கும், பேன்ட் இடுப்புக்கும் தாராளமாகக் குழைத்து வைத்தேன். ஏன் அதற்கு மட்டும் அவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிண்ணத்தில் மஞ்சள் மிச்சம் இருந்தது.

கஞ்சி போகத் துவைத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும் என்று மாஸ்டர் சொன்னாராம். இன்று அவள் கிளாஸுக்குப் போன பிறகு எடுத்தேன். இதை மெஷினில் போட மனமில்லை. வாளியில் சோப்புப் பொடி கரைத்து, டிரஸ்ஸை முறைப்படி திருப்பி, உள்பக்கம் வெளியே வர முக்கினேன்.

வெள்ளைத் துணியில் ஆறு இடத்தில் ரத்தச் சிவப்பு கிளம்பியது.

மஞ்சள் சோப்பில் பட்டால் சிவக்கும். எந்தச் சமையலறையிலும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. கசக்கினேன், பரவியது. எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்தேன், சிவப்பு போய் மஞ்சளானது. ஆஹா என்று மறுபடி சோப்புப் போட்டேன், மஞ்சள் போய்ச் சிவப்பானது. இப்படியே அரை மணி நேரம் சிக்னல் விளக்கு மாதிரி மாறி மாறி விழுந்தது. கடைசியில் வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். ஆறு பொட்டும் ஆறு உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து பழுத்த மஞ்சளாக நின்றன. அதுவும் மெல்லிய வெள்ளையா, வெளிப்பக்கமும் தெரிந்தது.

பிளீச்சிங் போடலாம் என்றால் முத்திரை போய்விடும். டிரஸ்ஸைப் பையில் சுருட்டி ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்தேன். ஐம்பத்தொரு வயதில், சொந்த வீட்டில், சொந்த ஸ்கூட்டரில்.

அக்டோபர் 27, திங்கள்

கம்பெனி திறந்தது. மழை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. "டிரஸ் காஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டாள். "இந்த மழைல எங்க காயறது?" என்றேன். பொய் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

மாட்டிக்கொண்டேன். கடைக்குப் போக ஸ்கூட்டரை எடுத்தவள், பையை வைக்க டிக்கியைத் திறந்திருக்கிறாள்.

நான் கம்பெனியிலிருந்து வந்தபோது டிரஸ் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்.

"மஞ்ச வெச்சிருந்ததச் சொல்லியிருக்கலாமில்லீங்க."

"மஞ்ச பெல்ட் வாங்கப் போறவளுக்கு மஞ்ச ராசியாச்சேன்னு..."

அவள் சிரிக்கவில்லை.

"போச்சாதுங்க, உடுங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க." டிரஸ்ஸின் கழுத்துப் பட்டியை நீவினாள். "லோகநாதண்ணன் சம்சாரம் நேத்து ரேஷன் கடைல பாத்துச்சு. கால எறக்கறதுக்கு ரெண்டு பேரு வந்தாங்களாமே, இப்ப இடுப்பு தேவலையான்னு கேட்டுச்சு. கூட நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு மொதல்ல என்னன்னே புரியல."

நான் செருப்பைக் கழற்றாமலே நின்றேன்.

"டிபன் பாக்ஸக் குடுக்க வந்தவ மாதிரி நிக்கறேன்னு சொன்னீங்களாமா. அது நெசந்தான். முதல் நாளு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு." டிரஸ்ஸை மடித்தாள். "கறையோட போனா டெஸ்ட்ல நிக்க உட மாட்டாங்க. ஒரு வகையில நல்லதாப் போச்சு. நான் போகலீங்க. நீங்க பேக்கரில பேசறதுக்கு வேற எதாச்சும் பாத்துக்குங்க."

ராத்திரிக்குத் தோசை. தேங்காய்ச் சட்னி. சட்னியில் உப்புச் சரியாக இருந்தது.

நவம்பர் 1, சனி

ஐந்து மணிக்கு அவள் போனில் அலாரம் அடித்தது. கை நீட்டி அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாளாக இப்படித்தான். காலையில் வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குக் காபி நேரத்துக்குக் கிடைக்கிறது. இதைத்தானே மார்ச்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

துணியும் அவளே துவைத்துவிட்டாள். திருப்பாமல்.

நவம்பர் 2, ஞாயிறு

அவள் போன் அடித்தது. 'தினகர் மாஸ்டர்' என்று காட்டியது. எடுக்கவே மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் எடுத்தேன்.

"சார், அக்கா மூணு நாளா வரல. ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்காங்க மாஸ்டர்" என்றேன். ஊருக்குப் போனவள் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ்ட்டுக்குள்ள வந்துருவாங்கல்ல? பசங்க தெனமும் கேக்கறாங்க. போன மாசம் ஒரு பொண்ணு விழுந்துட்டு, இனி வரமாட்டேன்னு அழுதுச்சுங்க சார். அக்கா அதைக் கூப்புட்டு, 'நான் எத்தன தடவ விழறேன்னு நீ எண்ணு கண்ணு'ன்னு சொல்லீட்டு, அந்த உருளற பயிற்சியையே திரும்பத் திரும்பச் செஞ்சாங்க. பதினொரு தடவ. அப்புறம் அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. முட்டிக் காயம் ஆறிருச்சுங்களா?"

"ஆறிருச்சு, ஆறிருச்சு."

"உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க, சொன்னாங்க."

டிரஸ்ஸில் சின்னக் கறை இருந்தால் பரவாயில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருகிறாராம், கறை இருந்தால் வரிசையிலிருந்து நகர்த்தி நிறுத்திவிடுவாராம், தான் சொன்னாலும் கேட்கமாட்டாராம்.

போனை வைத்தேன். "என்ன சொன்னாரு?" என்றாள். "சௌக்கியமான்னு கேட்டாரு" என்றேன்.

அன்று டிராக் பேன்ட்டில் பார்த்தது துரு இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

செக்கிங் டேபிளில் எனக்குக் கீழே எட்டுப் பெண்கள். ஆர்டர் அவசரத்தில்கூட என் முகத்தைச் செக்கிங் செய்கிறவர்கள். அதில் மயிலாத்தாள்தான் கேட்டது.

"என்னங்ணா, ரெண்டு நாளா ஒரு ஜோக்கும் சொல்லல? வயிறு சரியில்லீங்களா?"

பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "வெள்ளத் துணில மஞ்சக் கறை பட்டுச்சுன்னா எப்படிப் போகும்?"

எட்டுப் பேரும் ஒரே குரலில், "வெயில்ல போடுங்ணா!" என்றார்கள்.

"வெயிலா?"

"மஞ்ச சோப்புக்குப் போகாதுங்ணா. ரெண்டு நாளு நல்ல வெயிலு பட்டாத் தானா ஓடிரும். கறை இருக்கற பக்கம் வெயிலப் பாத்து இருக்கோணும்." மயிலாத்தாள் கையிலிருந்த பனியனைத் திருப்பி லேபிளை எனக்குக் காட்டியது. "இதுல எழுதலீங்களா?"

இதில் 'நிழலில் உலர்த்தவும்' என்று எழுதியிருக்கிறது. இருபத்தாறு வருடமாக அதைச் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் வானம் வெளுத்தது.

நவம்பர் 5, புதன்

அலமாரி அடித்தட்டில் அவள் போட்டு வைத்திருந்த டிரஸ்ஸை எடுத்துக் கம்பெனிக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் கம்பெனி மொட்டை மாடிக்கு நாலு பக்கமும் வெயில் விழும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஈரம் செய்து, கறை சூரியனைப் பார்க்கும்படி விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தேன். காலையில் கிழக்கே பார்த்து, சாயங்காலம் மேற்கே பார்த்து மாற்ற வேண்டும். இன்று மட்டும் ஒன்பது தடவை மூன்று மாடி ஏறினேன். ஐப்பசி வெயில், நம்ப முடியாது. இரண்டு தடவை தூறல் வந்து டிரஸ்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினேன்.

பேக்கிங் பையன்கள் பார்த்துவிட்டார்கள். "யாருதுங்ணா கராத்தே டிரஸ்?"

"எங்க பையனோடது."

"அண்ணா, உங்க பையன் ஓசூர்ல இன்ஜினியரில்ல?"

"அங்க படிக்கறான், சாயங்காலத்துல."

படி இறங்கும்போது அசிங்கமாக இருந்தது. மூன்றாவது படியில் நின்றேன். திரும்பி மேலே போனேன்.

"என்ற வீட்டுக்காரம்மாவோடது" என்றேன். "ஞாயித்துக்கிழமை பெல்ட் டெஸ்ட்."

யாரும் சிரிக்கவில்லை. "எங்கம்மாளும் ஏதாச்சும் பழகுனாத் தேவல. வீட்லயே இருக்குதுங்ணா" என்றான் ஒருவன். நான் கல்லைச் சரி செய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 6, வியாழன்

இன்று நல்ல வெயில். கறை வெளுத்து வருகிறது. ஆனால் டிரஸ் வெளுத்து என்ன செய்ய? உடுத்த ஆள் வர வேண்டுமே. மன்னிப்புக் கேட்கலாம். கேட்டுப் பார்த்தேன். நேற்று "சாந்தா..." என்று ஆரம்பித்து, "...ரசம் நல்லா இருக்குது" என்று முடித்தேன். எனக்கு இரண்டு பேர் இருக்கும் இடத்தில் நிஜம் பேச வராது. பத்துப் பேர் வேண்டும்.

அதனால் என் பலத்தையே நம்பினேன். அயர்னிங் மாஸ்டர் லோகநாதனைத் தனியாக மாடிக்குக் கூட்டிப்போனேன்.

"லோகு, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லப்படாது."

அவன் கண்கள் பளபளத்தன. அவனிடம் 'யார்கிட்டயும் சொல்லாதே' என்றால் இரண்டு மணி நேரத்தில் அவன் சம்சாரத்துக்குப் போகும். அங்கிருந்து சாயங்காலத்துக்குள் ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய், சாந்தாமணி. தபால்கூட அவ்வளவு ஒழுங்கில்லை.

"நான் பேக்கரில சொன்னதெல்லாம் பொய்யி. காலத் தூக்குனது, எறக்குனது ஒண்ணுமே நடக்கல. நெசத்துல அவ கால இடுப்புக்கு மேல ஒசத்தி, நிறுத்தி, அவளே எறக்கறா. நான் கதவுச் சந்துல பாத்திருக்கறேன். என்னால குனிஞ்சு சாக்ஸ் போட முடியல."

"அப்புறம் எதுக்கு மாப்ள அப்படிப் பேசுன?"

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"அவ விடியால அஞ்சு மணிக்கு ஒரு எடத்துக்குப் போறா, லோகு. அங்க அவளுக்குச் சந்தோசமா இருக்குது. அங்க எனக்கு வேலையே இல்ல. அந்தக் கடுப்புல பேசீட்டேன். பதினொரு தடவ விழுந்து எந்திரிச்சிருக்கறா. என்கிட்டச் சொல்லவே இல்ல. சொல்ற மாதிரி ஆளா நான்?"

லோகநாதன் சிரிக்கவும் இல்லை, கிண்டலும் செய்யவில்லை. எனக்குக் கண்ணில் பனியன் தூசி விழுந்துவிட்டது. மாடியில் தூசி அதிகம்.

நவம்பர் 7, வெள்ளி

எதிர்பார்த்ததைவிட வேகம். நேற்றுச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போயிருந்தது.

"கம்பெனி மாடில நின்னுட்டு அழுதீங்களாமா?" என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு, கடுகு தாளித்தபடி.

"யாரு சொன்னது? தூசி."

"லோகநாதண்ணனைக் கட்டிப் புடிச்சுட்டு அழுதீங்களாமா."

"ஐயையோ, அது பொய்யி!"

"பாருங்க, நம்மளப் பத்தி நடக்காதத ஒருத்தரு சொன்னா எப்படி இருக்குதுன்னு."

இதற்கு என்னிடம் லேபிள் இல்லை. பையிலிருந்து டிரஸ்ஸை எடுத்து நீட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெளியே பளிச்சென்ற வெள்ளை. திருப்பினாள். கழுத்துப் பட்டியின் உள்ளே மட்டும், தெரிந்தவர் பார்த்தால் தெரிகிற அளவுக்கு, இளமஞ்சளாக ஒரு நிழல்.

"இதையும் எடுத்துர்றேன். நாளைக்கும் வெயிலு அடிக்குமாமா."

"இருக்கட்டுங்க. உள்பக்கந்தானே." நேராகத் திருப்பினாள். "ஏழு நாளு போகாம இருந்துட்டேன். எல்லாம் மறந்திருக்கும். பெயிலாயிட்டா?"

"பெயிலானா மறுபடியும் போ. நான் தொவைக்கறேன்."

"மஞ்ச வெக்காமயா?"

"மஞ்ச வெக்காம."

இன்று காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன். கேட் கிறீச்சிட்டது. காபி நானே போட்டுக்கொண்டேன். சகிக்கவில்லை. முழுவதும் குடித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பள்ளிக்கூட ஹால். சுவரோரம் நாற்காலிகள், பெற்றோர்கள் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் முதல் வரிசையில் இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். பக்கத்தில் ஒரு இளம் தாய்.

"உங்க கொழந்தை எதுங்க?" என்றது.

முன்பானால் இந்த ஒரு கேள்வியை வைத்துப் பேக்கரியில் ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

"மூணாவது வரிசை, கடைசி. ஒசரமா, கொண்டை போட்டிருக்கறாங்க பாருங்க. என்ற வீட்டுக்காரம்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. "அட! சாந்தாமணி அக்கா வீட்டுக்காரரா நீங்க? எங்க பாப்பா வீட்ல அவங்களப் பத்தியே பேசும்ங்க!" என்று எழுந்தே விட்டது. இத்தனை வருடத்தில் யாரும் என்னை 'சாந்தாமணி வீட்டுக்காரர்' என்று கேட்டு எழுந்து நின்றதில்லை. உட்காருங்கள் என்று கை காட்டினேன், மந்திரி மாதிரி.

எக்ஸாமினர் வரிசையாக நகம், டிரஸ், முடிச்சு எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பையனைச் சட்னிக் கறைக்காகத் தள்ளி நிறுத்தினார். நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். சாந்தாமணியிடம் வந்ததும் நின்றார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"வயசு?"

"நாப்பத்தாறுங் சார்."

"எதுக்காகச் சேந்தீங்க? தற்காப்பா? எக்சர்சைஸா?"

"புடிச்சிருந்துச்சுங் சார்."

அவர் அவள் பெல்ட் முடிச்சை இழுத்துப் பார்த்தார். தலையசைத்துவிட்டு நகர்ந்தார். நான் மூச்சு விட்டேன். பக்கத்துப் பெண்ணும் விட்டது.

எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய பயிற்சி. முப்பது குழந்தைகளும் அவளும். நாலாவது திருப்பத்தில் எல்லோரும் வலப்பக்கம் திரும்ப, இவள் மட்டும் இடப்பக்கம் திரும்பினாள். முப்பது முகம் அந்தப் பக்கம், ஒரு முகம் இந்தப் பக்கம். அது நேராக என்னைப் பார்த்த முகம். ஏழு நாள் என்னால் போகாமல் இருந்த முகம். அவள் ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அப்படியே நின்றாள். ஒரு மூச்சு இழுத்தாள். திரும்பி, அடுத்த அடியை எண்ணிப் பிடித்துக்கொண்டு, வரிசையோடு சேர்ந்துவிட்டாள். கடைசிக் கத்தலில் அவள் குரல்தான் தனியாகக் கேட்டது. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நல்லவேளை.

அடுத்து ஜோடியாக நின்று அடிப்பதும் தடுப்பதும். எதிரே பன்னிரண்டு வயதுப் பெண். அது பெரியவரை அடிக்கக் கூசி, கையைப் பாதியில் நிறுத்தியது. "பயப்படாம அடி கண்ணு, நான் தடுத்துக்கறேன்" என்றாள் சாந்தாமணி. அது அடித்தது. இவள் தடுத்தாள். எலும்பில் எலும்பு பட்ட சத்தம் என் நாற்காலி வரை வந்தது. எனக்குத்தான் வலித்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பெயர் வாசித்தார்கள். பன்னிரண்டாவதாக அவள் பெயர். பாஸ். தினகர் மாஸ்டர் வெள்ளை பெல்ட்டை அவிழ்த்துவிட்டு மஞ்சள் பெல்ட்டைக் கட்டினார். குழந்தைகள் கத்தியதில் ஹால் கூரைத் தகரம் அதிர்ந்தது. நானும் கத்தியதாகப் பக்கத்துப் பெண் சொல்கிறது. போட்டோவில் பார்த்தால் வாய் திறந்துதான் இருக்கிறது.

பெல்ட் வாங்கியவர்கள் வீட்டுப் பெரியவர்களோடு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சாந்தாமணி வேர்த்து வழிய வந்து நின்றாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எந்திரிங்க. என்னோட பெரியவங்க யாருன்னு கேக்கறாங்க."

மேஜைக்குப் போனேன். மாஸ்டர் பேனாவைக் கொடுத்தார். பெயர் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் 'மாணவருக்கு என்ன உறவு' என்று இருந்தது. மேலிருந்து கீழே அதுவரை எழுதியிருந்ததைப் பார்த்தேன். தாய், தந்தை, தாய், தாய், தந்தை, தாய்.

'கணவர்' என்று எழுதினேன். கட்டம் சின்னது. எழுத்து இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"கொஞ்சம் சின்னதா எழுதக்கூடாதுங்களா?" என்றாள் சாந்தாமணி.

"முடியாது" என்றேன்.